ஏஜென்ட் சொல்லும் எண் இடிக்கிறதா? அவசர எச்சரிக்கைப் புள்ளிவிவர டூலுக்கான பிழை நீக்கும் வழிமுறை

அவசர எச்சரிக்கைத் தரவை எண்ணிச் சொல்லும் ஒரு டூல் எழுதியிருக்கிறீர்கள். ஏஐ ஏஜென்ட் அதை எம்சிபி (ஏஐ மாதிரிகளை வெளி டூல்களோடு இணைக்கும் நெறிமுறை) வழியாக அழைக்கிறது. டூல் ஒழுங்காக ஓடுகிறது, லாகில் சிவப்பு வரி ஒன்றும் இல்லை, ஆனால் பயனரிடம் போய்ச் சேரும் எண் மட்டும் தப்பு. அந்த நிலைமைக்கான குறிப்பு இது.

இப்படி வரும் தப்புகளைத் துருவிக்கொண்டே போனால், பாதிக்கு மேல் நிரலில் முடிவதில்லை. டூல் எதற்கு என்று ஏஜென்ட் படித்துத் தெரிந்துகொள்ளும் விளக்கத்தில் ஒரு வாக்கியம் விட்டுப்போயிருக்கும். டாஷ்போர்டில் எண்ணைப் பார்க்கும் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், "என்ன சார், ஒரே வாரத்துல இவ்வளவா?" என்று போன் போட்டுக் கேட்பார். ஏஜென்ட் யாரையும் கேட்காது. நாம் சொல்லாமல் விட்டதைத் தானே ஊகித்து நிரப்பி, கூச்சமே இல்லாமல் நல்ல வாக்கியமாக எழுதித் தந்துவிடும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் விளக்கத்தில் எந்த வாக்கியம் இல்லை என்பதைத்தான் முதலில் தேடுகிறேன்.

உதாரணங்களுக்கு அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் அலர்ட் ஏபிஐ-யை (நிரல்கள் தரவைக் கேட்டு வாங்கும் வாசல்) எடுத்துக்கொள்கிறேன். இலவசம், ஏபிஐ சாவி வேண்டாம், எம்சிபி கற்கிறவர்கள் முதலில் கட்டிப் பார்ப்பதும் அநேகமாக ஒரு வானிலை சர்வர்தான். அந்த அலர்ட்டுகளின் அடிப்படை வடிவம் கேப் 1.2, ஓஏசிஸ் என்ற தரநிலை அமைப்பு 2010-இல் வெளியிட்ட பொது எச்சரிக்கை நெறிமுறை. இந்தியாவின் பேரிடர் எச்சரிக்கைத் தளமான சசேத்தும் கேப் வழியில்தான் இயங்குகிறது என்பதால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

எதற்கும் முன்: தப்பு எந்த அடுக்கில்?

ஒரே கேள்விக்கு மூன்று விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஏஜென்ட் டூலுக்கு அனுப்பிய அளவுருக்கள், டூல் ஜேசன் வடிவில் திருப்பித் தந்த தரவு, ஏஜென்ட் பயனருக்கு எழுதிய பதில். அளவுருக்களே தப்பு என்றால் இன்புட் ஸ்கீமாவில் (எந்த அளவுரு எந்த வடிவில் வர வேண்டும் என்ற வரையறையில்) குறை. அளவுருக்கள் சரி, ஜேசனில் இருக்கும் எண் தப்பு என்றால் நிரலில் குறை. ஜேசனும் சரி, பதில் மட்டும் தப்பு என்றால் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று நீங்கள் சொல்லவில்லை. மூன்றாவது வகைதான் ரொம்ப நேரம் தின்னும், ஏனென்றால் டெஸ்ட் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

அறிகுறி: எண்ணிக்கை மூன்று நான்கு மடங்கு கூடுதலாக வருகிறது

அதிகம் வரும் புகார் இது. "போன வாரம் டெக்சஸில் எத்தனை டொர்னேடோ (சுழற்காற்று) எச்சரிக்கை?" என்று கேட்டால், உள்ளூர் வானிலை அலுவலகம் சொல்வதைவிட எங்கேயோ போய் நிற்கும்.

காரணம், ஏபிஐ தருவது மெசேஜ்கள். ஒரு எச்சரிக்கைக்குப் பிறந்ததிலிருந்து முடிகிறவரை பல மெசேஜ்கள் உண்டு. ஒரு கற்பனை மாலையை எடுத்துக்கொள்வோம். ஃபோர்ட் வொர்த் அலுவலகம் டாரன்ட், டாலஸ் என்ற இரண்டு கவுன்ட்டிகளை (நம் மாவட்டம் போன்ற பிரிவு) தொடும்படி 6:10-க்கு ஒரு டொர்னேடோ எச்சரிக்கை வெளியிடுகிறது. அதோடு வரும் விடெக் குறியீட்டில் (எச்சரிக்கையின் விவரங்களை நிரல்கள் படிக்கும்படி சுருக்கித் தரும் வரி) செயல் 'நியூ', அதாவது புதியது. 6:25-க்குள் மேகம் டாரன்டைத் தாண்டிவிட்டது. இப்போது வரும் புதுப்பிப்பில் இரண்டு பகுதிகள்: டாரன்டுக்கு 'கேன்', அதாவது ரத்து; டாலஸுக்கு 'கான்', அதாவது தொடர்கிறது. ஏபிஐ-யில் இவை இரண்டும் தனித்தனி அலர்ட்டுகளாக வந்து விழும். 6:38-க்கு இன்னொரு 'கான்'. கடைசியில் காலாவதியைச் சொல்லும் 'எக்ஸ்பி'. ஆக, ஒரே எச்சரிக்கை. உங்கள் டேபிளில் ஐந்து வரிகள். ஒரு கல்யாணத்துக்கு 500 பத்திரிகை அடித்தால் 500 கல்யாணம் ஆகிவிடாது.

இதைச் சரிசெய்யும் சாவி அந்த விடெக் வரியிலேயே இருக்கிறது. அலுவலகத்தின் குறியீடு, ஆபத்தின் வகை, அது எச்சரிக்கையா, வாட்சா (ஆபத்துக்கு வாய்ப்பு உண்டு என்ற அறிவிப்பு), அட்வைசரியா (எச்சரிக்கையைவிடக் கடுமை குறைந்த அறிவிப்பு) என்ற நிலை, நிகழ்வு எண், ஆண்டு: இந்த ஐந்தையும் சேர்த்தால் ஒரு நிகழ்வு. ஆண்டை விட்டுவிடாதீர்கள், நிகழ்வு எண் ஒவ்வொரு ஜனவரியிலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். 'கேன்' வந்துவிட்டது என்று முழு எச்சரிக்கையும் ரத்து என எண்ணிவிடவும் கூடாது. மேலே பார்த்த டாரன்ட் மாதிரி, ஒரு கவுன்ட்டி மட்டும் கழன்றிருக்கலாம்.

விடெக் இல்லாத மற்ற கேப் ஊட்டங்களில் 'ரெஃபரன்சஸ்' என்ற புலத்தைப் பிடித்துப் பின்னோக்கிப் போக வேண்டும். அனுப்புநர், அடையாள எண், அனுப்பிய நேரம் மூன்றும் காற்புள்ளியால் பிரித்து எழுதப்பட்டிருக்கும். இங்கே இன்னொரு பொறியும் உண்டு: ஒரே கேப் மெசேஜுக்குள் மொழிக்கு ஒன்றாகப் பல 'இன்ஃபோ' பகுதிகள் இருக்கலாம். ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என்று வந்தால், 'இன்ஃபோ'வை எண்ணும் நிரல் அதை இரண்டு எச்சரிக்கை என்று சொல்லும்.

நிரலைத் திருத்தியாயிற்று. இனி விளக்கம். முன்பு இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்:

"ஒரு மாநிலத்தில், குறிப்பிட்ட காலத்தில் வந்த எச்சரிக்கைகளின் எண்ணிக்கையைத் தரும்."

மனிதருக்கு இது போதும் என்றே தோன்றும். ஏஜென்டுக்கு இப்படி எழுதுங்கள்:

"ஒரு நிகழ்வை ஒரே ஒருமுறை எண்ணும். புதுப்பிப்பு, பகுதி ரத்து, காலாவதி மெசேஜ்கள் தனியாக எண்ணப்படமாட்டா. மெசேஜ் எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் அலகு அளவுருவில் அதைக் குறிப்பிடவும். இது வெளியிடப்பட்ட எச்சரிக்கைகளின் எண்ணிக்கை. தரையைத் தொட்ட டொர்னேடோக்களின் எண்ணிக்கை அன்று."

கடைசி வாக்கியத்தை வேண்டாத எச்சரிக்கை என்று நீக்கிவிடாதீர்கள். டொர்னேடோ எச்சரிக்கையின் எல்லையையும் நேரத்தையும் நீட்ட முடியாது; மேகம் எல்லையைத் தாண்டினால் புது எச்சரிக்கைதான், புது எண்தான். நீண்ட தூரம் ஓடும் ஒரே டொர்னேடோவுக்கு மூன்று நான்கு எச்சரிக்கைகள் வரலாம். டொர்னேடோ எதுவுமே இறங்காமல் போன எச்சரிக்கைகளும் ஏராளம். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் ஏஜென்ட் "போன வாரம் டெக்சஸை இத்தனை டொர்னேடோக்கள் தாக்கின" என்று எழுதும். நான் பார்த்த அளவில், எண் சரியாக இருந்தும் பதில் பொய்யாகிவிடும் இடம் இதுதான்.

அப்புறம், விளக்கத்தில் சொன்னதைப் பதிலிலும் சொல்லுங்கள். ஜேசனில் வெறும் 'கவுன்ட்' என்று ஒரு புலம் வைக்காதீர்கள். 'நிகழ்வு எண்ணிக்கை' என்று பொருள்படும் பெயரே இருக்கட்டும். உரையாடல் நீண்டுபோன பிறகு ஏஜென்டின் கவனத்துக்கு அருகில் இருப்பது டூல் தந்த பதில்தான். விளக்கம் எங்கோ மேலே இருக்கும். 2025 ஜூனில் வந்த எம்சிபி பதிப்பிலிருந்து டூலின் வெளியீட்டுக்கும் ஸ்கீமா எழுதலாம். ஒவ்வொரு புலத்துக்கும் அலகைச் சொல்ல அதைப் பயன்படுத்துங்கள்.

டொர்னேடோ வாட்ச் மட்டும் இன்னும் கூடுதலாக வருகிறது என்றால் காரணம் வேறு. வாட்ச் எண்ணைக் கொடுப்பது ஓக்லஹோமாவின் நார்மனில் இருக்கும் புயல் கணிப்பு மையம். அதே எண்ணோடு அதை வெளியிடுவது பல உள்ளூர் அலுவலகங்கள். சாவியில் அலுவலகத்தைச் சேர்த்தால் ஒரே வாட்ச் நான்காகும். வாட்ச்களுக்கு மட்டும் அலுவலகத்தைச் சாவியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: எண்ணிக்கை சரியாக 500

ஒரு பக்கத்துக்கு ஏபிஐ தருவது அதிகபட்சம் 500 அலர்ட்டுகள். மிச்சம் அடுத்த பக்கத்தில். அதற்கான இணைப்பு பதிலின் அடியில் இருக்கும். உங்கள் நிரல் அதைத் தொடரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான். டூல் எண்ணிக்கையைத் தராமல் மூல அலர்ட்டுகளை அப்படியே கொட்டுகிறது, ஏஜென்ட் அவற்றைத் தானே எண்ணுகிறது. நீளமான பட்டியலை மொழி மாதிரிகள் கண்ணால் எண்ணுவது நம்பத்தக்கதல்ல. அதோடு கிளையன்ட் பாதியில் வெட்டியிருந்தால் ஏஜென்டுக்கு அது தெரியவே தெரியாது. எண்ணும் வேலை முழுக்க சர்வரில் நடக்கட்டும். மாதிரிக்கு நாலைந்து அலர்ட்டைத் தருவதானால், "மொத்தம் இவ்வளவு, இங்கே காட்டியிருப்பது இவ்வளவு" என்று இரண்டு புலங்களையும் கட்டாயம் வையுங்கள்.

அறிகுறி: பூஜ்யம் வருகிறது, ஆனால் பூஜ்யமாக இருக்க வாய்ப்பில்லை

மற்ற தப்புகள் அறிக்கையைக் கெடுக்கும். இது ஆளைக் கெடுக்கும். "உங்கள் கவுன்ட்டியில் எச்சரிக்கை எதுவும் பதிவாகவில்லை" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், படிப்பவர் நிம்மதியாகப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பார்க்க வேண்டியது, தரவு கைக்கு வந்ததா என்பதை. இந்த ஏபிஐ-க்குச் சாவி வேண்டாம் என்றாலும், அழைப்பவர் யார் என்று சொல்லும் 'யூசர் ஏஜென்ட்' தலைப்பு வேண்டும். இல்லாவிட்டால் 403 என்ற அனுமதி மறுப்புப் பிழை வரலாம். அந்த 403-ஐ நிரல் விழுங்கிவிட்டு வெறும் பட்டியலைத் திருப்பினால், ஏஜென்டுக்குப் போவது பூஜ்யம். பயிற்சிக்காக எழுதப்படும் உதாரண நிரல்களில் "எடுக்க முடியவில்லை அல்லது எச்சரிக்கை எதுவும் இல்லை" என்ற தினுசில் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வரி இருக்கும். பயிற்சிக்குச் சரி. அதை நிஜப் பயன்பாட்டில் விட்டுவைத்தால், அந்த 'அல்லது'வில் எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் ஏஜென்ட் சாயும்.

எம்சிபி-யில் இதற்கு வழி இருக்கிறது. டூலின் பதிலிலேயே 'இஸ் எரர்' என்ற கொடி உண்டு. தரவு எடுக்க முடியாதபோது அதை உயர்த்தி, காரணத்தையும் அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் ஏஜென்ட் படிக்கும்படி எழுதுங்கள்: "மூலத் தரவு கிடைக்கவில்லை. இதைப் பூஜ்யமாகக் கருத வேண்டாம். சில நிமிடம் கழித்து மறுபடி முயலவும்." நெறிமுறை மட்டத்தில் பிழையை எறிந்தால் பல கிளையன்டுகளில் அது மொழி மாதிரியின் கண்ணுக்கே போகாமல் நின்றுவிடும், பதிலுக்குள் வைத்தால் போய்ச் சேரும்.

தரவு வந்திருக்கிறது என்றால் அடுத்த சந்தேகம் காலம். இந்த ஏபிஐ நீண்டகாலக் காப்பகம் கிடையாது. ஏறக்குறைய கடைசி ஏழு நாள் அலர்ட்டுகள்தான் அதில் இருக்கும். போன ஏப்ரலைக் கேட்டால் பிழை சொல்லாது, வெறுமனே காலியாக வரும். பழைய தரவுக்கு அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அயோவா சூழல் மெசோநெட் பல ஆண்டு விடெக் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது; அதையோ உங்கள் சொந்தச் சேமிப்பையோ வைத்துத்தான் எண்ண வேண்டும். எதுவானாலும், பதிலில் "இந்த டூலிடம் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தரவு உள்ளது" என்று இரண்டு தேதிகள் இருக்கட்டும். கேட்ட காலம் அதற்கு வெளியே போனால் எண்ணே தராதீர்கள். பூஜ்யமும் வேண்டாம்; 'தெரியவில்லை' என்று வெளிப்படையாக வெற்று மதிப்பைக் (null) கொடுங்கள்.

மூன்றாவது, பெயர் மாறியது. 2024 அக்டோபர் 1 முதல் வானிலைச் சேவை 'விண்ட் சில் வார்னிங்' என்ற பெயரைக் கைவிட்டு 'எக்ஸ்ட்ரீம் கோல்ட் வார்னிங்' என்று மாற்றியது. 'விண்ட் சில் அட்வைசரி' என்பது 'கோல்ட் வெதர் அட்வைசரி' ஆனது. 2025 மார்ச்சில் 'எக்ஸஸிவ் ஹீட்' என்பது 'எக்ஸ்ட்ரீம் ஹீட்' ஆனது. மொழி மாதிரி படித்து வளர்ந்ததெல்லாம் பழைய பெயர்கள். பயனர் 2025 ஜனவரியின் குளிர்காற்று எச்சரிக்கைகளைக் கேட்பார், ஏஜென்ட் பழக்கதோஷத்தில் பழைய பெயரை அனுப்பும், டூல் பூஜ்யம் தரும், "இந்தக் குளிர்காலம் மினசோட்டாவில் மிதமாக இருந்திருக்கிறது" என்று ஒரு பதில் எழுதப்பட்டுவிடும். நிகழ்வுப் பெயரை எதை வேண்டுமானாலும் எழுதக்கூடிய சரமாக (string) வாங்காமல் ஸ்கீமாவில் ஒரு மூடிய பட்டியலாக வையுங்கள். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் பூஜ்யம் தராமல், "இந்தப் பெயர் இந்தத் தேதியோடு நின்றது, இப்போதைய பெயர் இது" என்று திருப்பிச் சொல்லுங்கள்.

கடைசியாக, இடக் குறியீடு. அமெரிக்க அலர்ட்டுகளில் ஒரு இடத்துக்குப் பல குறியீடுகள். டொர்னேடோ எச்சரிக்கை கவுன்ட்டிக் குறியீட்டோடு வரும். பனிப்புயல் எச்சரிக்கை முன்னறிவிப்பு மண்டலக் குறியீட்டோடு வரும். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், நடுவில் ஒரு எழுத்துதான் மாறும். கவுன்ட்டிக் குறியீட்டைக் கொடுத்துப் பனிப்புயலைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்ட்டி உள்நிலம், கடலோரம் என்று தனித்தனி மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. கவுன்ட்டியிலிருந்து மண்டலத்துக்கு மாற்றும் வேலையை ஏஜென்டிடம் விடாதீர்கள்.

இதில் ஒரு சில்லறைத் தொல்லையும் உண்டு. சேம் என்ற ஆறு இலக்கக் குறியீட்டில் ஹாரிஸ் கவுன்ட்டி 048201. ஸ்கீமாவில் அதை எண் என்று அறிவித்திருந்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் உதிர்ந்து 48201 ஆகிவிடும். அலபாமாவின் ஜெஃபர்சன் கவுன்ட்டி 001073. அது 1073 என்று வந்து நிற்கும். சரமாக அறிவியுங்கள், ஆறு இலக்கம் என்று நிபந்தனை போடுங்கள், விளக்கத்தில் ஒரு உதாரணமும் கொடுங்கள்.

அறிகுறி: கவுன்ட்டி வாரியாகக் கூட்டினால் மாநில மொத்தத்தைத் தாண்டுகிறது

இது பிழையே அல்ல. ஒரு எச்சரிக்கை மூன்று கவுன்ட்டிகளைத் தொட்டால் மூன்றின் கணக்கிலும் அது வரத்தான் வேண்டும். ஆனால் ஏஜென்ட் கூட்டிப் பார்க்கும், பொருந்தாததைக் கண்டு தரவில் முரண்பாடு என்று எழுதும். அதைவிட மோசமாக, கூட்டுத்தொகையையே மாநில மொத்தமாகச் சொல்லும். "கவுன்ட்டி எண்ணிக்கைகளைக் கூட்டக் கூடாது, ஒரே எச்சரிக்கை பல கவுன்ட்டிகளில் எண்ணப்படும்" என்ற ஒரு வரி, கவுன்ட்டி வாரிப் பதிலுக்குள்ளேயே இருக்கட்டும். மாநில மொத்தத்தையும் தனிப் புலமாகச் சேர்த்தே அனுப்பிவிடுங்கள். கையில் இருக்கும்போது யாரும் கூட்டிப் பார்க்கமாட்டார்கள்.

அறிகுறி: புதன்கிழமைகளில் எண்ணிக்கை எகிறுகிறது

சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் "புதன்கிழமைகளில் ஆபத்து அதிகம்" என்று ஒரு ஏஜென்ட் அழகாக வரைபடம் போட்டுத் தர முடியும். வானிலை வானொலியின் வாராந்தரச் சோதனை வழக்கமாகப் புதன் பகலில் நடக்கும். கேப்பில் 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு புலம் இருக்கிறது: உண்மை, ஒத்திகை, கணினிச் செய்தி, சோதனை, வரைவு என ஐந்து மதிப்புகள். உண்மை என்பதை மட்டும் எண்ணுங்கள். விளக்கத்தில் அதைச் சொல்லுங்கள். 2023 அக்டோபர் 4 அன்று அமெரிக்கா முழுக்கச் செல்போன்கள் ஒரே நேரத்தில் அலறியது சோதனை. அதே ஆண்டு இந்தியாவில் நம் போன்கள் அலறியதும் அப்படித்தான்.

ஆனால் 'ஸ்டேட்டஸ்' எல்லாவற்றையும் காப்பாற்றாது. 2018 ஜனவரி 13 காலை 8:07-க்கு ஹவாய் மக்களுக்கு ஏவுகணை வருகிறது, ஒத்திகை அல்ல என்று ஒரு அலர்ட் போனது. ஏவுகணை எதுவும் வரவில்லை. திருத்தச் செய்தி போக 38 நிமிடம் ஆனது. சோதனை என்று குறிக்கப்படாமல், நிஜ அலர்ட் போகும் வழியிலேயே போன செய்தி அது. 'ஸ்டேட்டஸ்' வடிகட்டி அதைப் பிடிக்காது. இதுபோன்றவற்றுக்கு நீங்களே ஒரு விலக்குப் பட்டியல் வைத்துக்கொண்டு, எதை ஏன் நீக்கினீர்கள் என்பதைப் பதிலில் ஒரு குறிப்பாகத் தர வேண்டும். சத்தமில்லாமல் நீக்கினால், "2018-இல் ஹவாயில் ஏவுகணை அலர்ட் வந்ததா?" என்ற நியாயமான கேள்விக்கு ஏஜென்ட் இல்லை என்று சாதிக்கும்.

அறிகுறி: "நேற்று" என்றால் தப்பான நாள்

டெக்சஸில் கோடைக்கால நேரப்படி மாலை 7 மணி என்பது யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) நள்ளிரவு. இடிமேகங்கள் கூடும் நேரமும் மாலைதான். நாளை யூடிசி-யில் வெட்டினால் ஒரே மாலையின் எச்சரிக்கைகளில் பாதி அடுத்த நாள் கணக்கில் போய்விழும். புயல் கணிப்பு மையமே தன் புயல் அறிக்கைகளுக்கு யூடிசி 12 மணி முதல் மறுநாள் 12 மணி வரை என்றுதான் நாள் கணக்கு வைத்திருக்கிறது. ஆக உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் ஒத்துப்போகாததில் ஆச்சரியம் இல்லை.

'நேற்று', 'போன வாரம்' போன்றவற்றை டூல் ஏற்கவே வேண்டாம். தொடக்கம், முடிவு இரண்டும் நேர வித்தியாசத்தோடு முழு நேரமாக வரட்டும். நாள் எந்த நேர மண்டலத்தில் வெட்டப்பட வேண்டும் என்பது தனி அளவுரு, கட்டாய அளவுரு. மாநிலத்தை வைத்து நேர மண்டலத்தை ஊகிக்கலாமே என்று தோன்றும். டெக்சஸிலேயே எல் பாசோ வேறு நேரம். அரிசோனா கோடைக்கால நேரத்துக்கு மாறாது, அதற்குள் இருக்கும் நவஹோ பகுதி மாறும்.

எந்த நேரத்தை வைத்து எண்ணுகிறீர்கள் என்பதும் விளக்கத்தில் வேண்டும். அனுப்பிய நேரமா, ஆபத்து தொடங்கும் நேரமா? டொர்னேடோவுக்கு இரண்டும் ஒன்றே. பனிப்புயல் எச்சரிக்கை ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடும். இதே வித்தியாசம் சராசரி நீளத்தைக் கணக்கிடும்போது கடிக்கும்: 'எக்ஸ்பயர்ஸ்' என்பது அந்த மெசேஜ் காலாவதியாகும் நேரம், 'எண்ட்ஸ்' என்பது ஆபத்து முடியும் நேரம். 'எக்ஸ்பயர்ஸ்'ஐ வைத்துக் கணக்கிட்டால், இரண்டு நாள் நீளும் பனிப்புயல் சில மணி நேரத்தில் முடிந்ததாக வரும். டொர்னேடோவை மட்டும் வைத்துச் சோதித்தவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. 'எண்ட்ஸ்' சில வேளைகளில் காலியாகவும் வரும். வெள்ள எச்சரிக்கை மறு அறிவிப்பு வரை என்று நிற்கும்போது அப்படி. அவற்றைச் சராசரியில் சேர்க்காமல், எத்தனை விடப்பட்டன என்று எண்ணோடு சொல்லுங்கள்.

அறிகுறி: ஏஜென்ட் இல்லாத போக்கைக் கண்டுபிடிக்கிறது

நீண்டகாலத் தரவு இருக்கும் டூல்களில் மட்டும் வரும். 2007 அக்டோபர் 1 வரை டொர்னேடோ எச்சரிக்கைகள் கவுன்ட்டி முழுமைக்குமாக வெளியாயின. அன்றிலிருந்து புயலின் பாதையை ஒட்டிய பலகோண எல்லைக்கு மாறின. அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்ணிக்கையையும் பரப்பையும் நேராக ஒப்பிட்டு "கூடிவிட்டது, குறைந்துவிட்டது" என்று சொல்வதில் பொருளில்லை. பதிலில் 'தொடர்ச்சி முறிவுகள்' என்று ஒரு பட்டியல் வையுங்கள்: தேதி, என்ன மாறியது, எதை ஒப்பிடக் கூடாது. கேட்ட காலத்துக்குள் முறிவு வந்தால் மட்டும் அனுப்பினால் போதும். எப்போதும் அனுப்பினால் ஏஜென்ட் அதை வாசல் அறிவிப்பு மாதிரி தாண்டிப் போய்விடும்.

அறிகுறி: இப்போது என்ன செய்வது என்று கேட்டவருக்குப் புள்ளிவிவரம் போகிறது

"வெளியே சைரன் கேட்கிறது, ஆபத்தா?" என்று ஒருவர் கேட்கிறார். ஏஜென்ட் உங்கள் டூலை அழைத்து, அந்தக் கவுன்ட்டியில் மே மாதச் சராசரியைச் சொல்கிறது. டூலின் பெயரில் 'அலர்ட்' என்ற சொல் இருந்தாலே இப்படி நடக்கும். நடப்பு எச்சரிக்கை டூலும் இதுவும் ஏஜென்டின் கண்ணுக்கு அண்ணன் தம்பிகள். பெயரிலேயே 'வரலாறு' என்பதைக் கொண்டுவாருங்கள். விளக்கத்தின் முதல் வாக்கியமே இப்படித் தொடங்கட்டும்: "கடந்த கால எண்ணிக்கைகளுக்கு மட்டும். இப்போது ஆபத்து உண்டா என்ற கேள்விக்கு இதை அழைக்க வேண்டாம். நடப்பு எச்சரிக்கை டூலை அழைக்கவும்." எப்போது அழைக்கக் கூடாது என்பதைச் சொல்லும் வாக்கியத்தைப் பலர் எழுதுவதே இல்லை.

இதன் மறுபக்கம்: புள்ளிவிவரத்தோடு மாதிரிக்கு ஒரு பழைய அலர்ட்டின் முழு உரையையும் அனுப்புவது. கேப்பில் 'இன்ஸ்ட்ரக்ஷன்' என்று ஒரு புலம் உண்டு. அதில் "உடனே பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்" என்று இருக்கும். ஏஜென்ட் அதை இப்போதைய அறிவுரையாக எடுத்துப் பயனரிடம் சொன்ன கதை நடக்கும். புள்ளிவிவர டூலிலிருந்து அந்தப் புலத்தை அப்படியே கழற்றிவிடுங்கள். அங்கே அதற்கு வேலை இல்லை.

அறிகுறி: விளக்கத்தை மாற்றியும் ஏஜென்ட் பழையபடியே நடக்கிறது

முதலில், புது விளக்கம் ஏஜென்டுக்குப் போனதா என்று பாருங்கள். பல கிளையன்டுகள் இணைப்புத் தொடங்கும்போது டூல் பட்டியலை ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும். சர்வரை மட்டும் மறுபடி ஓடவிட்டால் போதாது. கிளையன்டையும் மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியல் மாறியது என்ற அறிவிப்பை சர்வர் அனுப்ப வேண்டும். அந்த அறிவிப்பைக் கிளையன்ட் கண்டுகொள்கிறதா என்பது அடுத்த கேள்வி. 'பதிப்பு 7' என்பது போல ஒரு அடையாளத்தை விளக்கத்தின் கடைசியில் போட்டு, லாகில் அது தெரிகிறதா என்று பார்ப்பது சுலபமான வழி.

போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆனாலும் மாறவில்லை என்றால் விளக்கம் நீண்டுபோயிருக்கலாம். மேலே சொன்ன எல்லா வாக்கியத்தையும் ஒரே விளக்கத்தில் அடைத்தால் அது சட்டப் புத்தகம் ஆகிவிடும். என் கணக்கு இப்படி: டூலைத் தேர்ந்தெடுக்க உதவும் வாக்கியங்கள் மட்டும் விளக்கத்தில், அளவுருவை நிரப்ப உதவுபவை அந்தந்த அளவுருவின் குறிப்பில், எண்ணைப் புரிந்துகொள்ள உதவுபவை பதிலில். நேர மண்டல எச்சரிக்கையை நேர மண்டல அளவுருவின் பக்கத்தில் வைத்தால் அது தேவைப்படும் நொடியில் கண்ணில் படும்.

அதன் பிறகும் சந்தேகம் இருந்தால், விடை உறுதியாகத் தெரிந்த பத்து இருபது கேள்விகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மெசோநெட் காப்பகத்தில் கையால் எண்ணிச் சரிபார்த்த விடைகளாக இருக்கட்டும். பூஜ்யம் விடையாக வரும் கேள்வி, 'தெரியவில்லை' விடையாக வரும் கேள்வி, பழைய பெயரில் கேட்கும் கேள்வி, டூலை அழைக்கவே கூடாத கேள்வி எல்லாம் அதில் வேண்டும். விளக்கத்தில் ஒரு சொல் மாறினாலும் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி மாதிரிகளில். ஒரு மாதிரிக்குப் பளிச்சென்று புரிந்த வாக்கியத்தை இன்னொன்று கண்டுகொள்ளாமலே போகும்.